ஹேக் நகரில் இந்தியா வைத்த வாதத்தை மறுபரிசீலனை செய்க: வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
சட்டம் மற்றும் உடன்படிக்கைகள் பிரிவு,
வெளியுறவு அமைச்சகம், புது தில்லி.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். 2024 டிசம்பர் 5 அன்று ஹேக் நகரின் அமைதி மாளிகையில், காலநிலை மாற்றம் தொடர்பாக அரசுகளுக்கு உள்ள கடமைகள் எவை என்ற கேள்வியைப் பன்னாட்டு நீதிமன்றம் விசாரித்தபோது, இந்தியாவின் சார்பில் உங்கள் பிரிவு வாதுரைத்தது. அந்த வாதத்தில் இரண்டு பகுதிகள் இருந்தன. இந்தச் சீர்கேட்டுக்குப் பெரும் காரணம் தொழில்வள நாடுகளே, உலக மக்களில் ஆறில் ஒரு பங்குக்கும் மேலானோர் வாழும் இந்தியாவின் வரலாற்று உமிழ்வுப் பங்கு, அதாவது இதுவரை வானில் கலந்த வெப்பமேற்றும் வாயுக்களில் அதன் பங்கு, சுமார் 4 விழுக்காடுதான், ஆகவே சுமையை எல்லார் தலையிலும் சமமாக ஏற்றக் கூடாது என்பது முதற்பகுதி. ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட காலநிலை உடன்படிக்கைகளுக்கு அப்பால் புதிய கடமைகள் எதையும் நீதிமன்றம் உருவாக்கிவிடக் கூடாது என்பது இரண்டாம் பகுதி. முதற்பகுதியில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. இரண்டாம் பகுதி முதற்பகுதியின் காலை வாருகிறது என்பதே இந்த மடலின் முறையீடு.

நான் பாலாற்றங்கரையில் பிறந்து, அதே மாவட்டத்தில் வழக்குரைஞராக இருப்பவன். பன்னாட்டுச் சட்டம் என் அன்றாடத் தொழில் அன்று. ஆனால், பலர் சேர்ந்து செய்த கேட்டுக்கு யாரிடம் எவ்வளவு கேட்பது என்ற கேள்வி எங்கள் ஊர்க் கிணறுகளுக்கு மிகவும் பழையது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வழக்கு எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019இல் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த 27 சட்ட மாணவர்கள், வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில் உள்ள தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில், இந்தக் கேள்வியை உலகின் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்று கிளம்பினார்கள். வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பே இல்லாமல் கருத்தொருமையோடு தீர்மானத்தை நிறைவேற்றி, நீதிமன்றத்திடம் கருத்துரை கேட்டது. 2024 டிசம்பரில் இரண்டு வாரங்களில் 96 நாடுகளும் 11 பன்னாட்டு அமைப்புகளும் வாதிட்டன. 2025 ஜூலை 23 அன்று, தலைவர் யூஜி இவசாவா தலைமையில் நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துரை வழங்கியது. கருத்துரைதானே, கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லையே என்று தோள்களைக் குலுக்குவோர் உண்டு. அது கட்டுப்படுத்தாது என்பது உண்மை. அது எடுத்துச் சொல்லும் சட்டம் கட்டுப்படுத்தும் என்பதும் உண்மை.

இனி வாதத்துக்கு வருகிறேன். உடன்படிக்கைகளே முழுச் சட்டம், அவற்றுக்கு வெளியே வேறொன்றும் இல்லை என்ற நிலைப்பாட்டை ஹேக்கில் அழுத்திச் சொன்னவர்கள் யார் யார் என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். அமெரிக்கா, பிரிட்டன், சவூதி அரேபியா, ஆஸ்திரேலியா. ஒன்றுக்கொன்று சொற்கள் வேறுபட்டாலும் சாரம் ஏறத்தாழ ஒன்றுதான். யாரைப் பார்த்து இந்தியா விரல் நீட்டியதோ, அவர்கள் பக்கத்து இருக்கையிலேயே அமர்ந்துகொண்டு விரல் நீட்டியது. எதிர்த் தரப்பு வக்கீலின் வாதத்தை ஆமோதித்துவிட்டு, நிவாரணம் மட்டும் எனக்கே வேண்டும் என்று கேட்கும் கட்சிக்காரரை நான் நீதிமன்றத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். நீதிபதிகள் பெரும்பாலும் புன்னகைத்துவிட்டு அடுத்த வழக்கை அழைப்பார்கள்.

உடன்படிக்கை என்பது கையெழுத்துப் போட்டவரைத்தான் கட்டும். கையெழுத்தைத் திரும்பப் பெறவும் அதிலேயே வழி உண்டு. உமிழ்வைக் குறைப்பதற்கான கியோட்டோ ஒப்பந்தத்தின் இலக்கைத் தொட முடியாது என்று தெரிந்ததும் 2011 டிசம்பரில் கனடா விலகல் அறிவித்தது. பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2020இல் ஒரு முறை வெளியேறியது, 2021இல் திரும்பி வந்தது, 2025 ஜனவரி 20 அன்று மீண்டும் வெளியேறுவதாக அதன் அதிபர் ஆணையில் கையெழுத்திட்டார். உடன்படிக்கைக்கு வெளியே சட்டமே இல்லை என்ற இந்தியாவின் வாதத்தை நீதிமன்றம் ஏற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உலக வரலாற்றிலேயே மிக அதிகமாக உமிழ்ந்த நாடு ஒரு கடிதத்தில் விடுதலை பெற்றிருக்கும்; உள்ளேயே இருந்து ஐந்தாண்டுக்கு ஒரு முறை இலக்கு அறிவிக்கும் இந்தியா மட்டும் கணக்குக் காட்டிக்கொண்டிருக்கும். வரி கட்டுபவனுக்கு நோட்டீசும் கட்டாதவனுக்கு நிம்மதியும் என்பதுபோல.

நல்லவேளையாக நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. காலநிலை உடன்படிக்கைகள் பொதுச் சட்டத்தை விலக்கும் தனிச் சட்டம் ஆகா என்றது. தன் எல்லைக்குள் நடக்கும் செயல்களால் பிற நாடுகளின் சூழலுக்கும் பொதுச் சூழலுக்கும் குறிப்பிடத்தக்க கேடு நேராமல் தடுக்கும் கடமை வழமைச் சட்டத்தின்படி, அதாவது உடன்படிக்கை இல்லாமலேயே நாடுகள் சட்டமென ஏற்று நடந்துவருவதால் உருவான சட்டத்தின்படி, எல்லா அரசுகளுக்கும் உண்டு என்றது. உடன்படிக்கைகளில் சேராத நாடு, சேர்ந்த நாடுகளோடு ஒத்துழைக்கவும் மறுத்தால், தன் கொள்கைகள் வழமைச் சட்டத்துக்கு ஏற்ப உள்ளன என்று நிறுவும் முழுச் சுமையும் அதன் மேலேயே விழும் என்றும் சொன்னது. இந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பை உங்கள் பிரிவு எடைபோட்டுப் பார்க்க வேண்டும். இந்தியா கேட்காமலேயே இந்தியாவுக்குக் கிடைத்த ஆயுதம் இது.

அதே கருத்துரை, கடமையின் கடுமை எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவில் இராது என்பதையும் ஏற்கிறது. எவ்வளவு கவனம் காட்ட வேண்டும் என்பது ஒரு நாட்டின் திறன், வளர்ச்சி நிலை, இதுவரையிலான உமிழ்வு ஆகியவற்றைப் பொறுத்தது. பொதுவான ஆனால் வேறுபட்ட பொறுப்புகள் என்ற கொள்கை அதற்கு வழிகாட்டும். ரியோ மாநாட்டுக் காலத்திலிருந்து, அதாவது 1992 முதல், உங்கள் அமைச்சகம் ஒவ்வொரு மேடையிலும் மன்றாடிய கொள்கை அது. உடன்படிக்கைக்கு உள்ளே மட்டும் இருந்த அந்தக் கொள்கை இப்போது வழமைச் சட்டத்தைப் படிக்கும்போதும் கணக்கில் வருகிறது. பொதுச் சட்டம் வந்தால் நம் கொள்கை கரைந்துவிடும் என்று நாம் அஞ்சினோம். நடந்தது நேர்மாறானது.

கோடிக்கணக்கான புகைபோக்கிகளிலிருந்து வந்த வாயு வானில் கலந்துவிட்ட பிறகு, இந்தத் தீவை மூழ்கடித்தது இன்ன நாட்டின் கரி என்று எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி ஹேக்கில் பலராலும் எழுப்பப்பட்டது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் எங்கள் ஊர்க்காரனுக்கு அது புதிதன்று.

வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடையில், ஆற்றிலிருந்து சற்றுத் தொலைவில், என் தாத்தாவுக்கு ஒரு தென்னந்தோப்பும் ஒரு கிணறும் இருந்தன. நான் சிறுவனாக இருந்தபோதே அந்தக் கிணற்று நீரில் சோறு வடித்தால் மஞ்சள் பூத்திருக்கும். அலுமினியக் குண்டானின் உள்விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு ஏறி நிற்கும். பாட்டி அதைப் புளி போட்டுத் தேய்ப்பார், மறுநாள் மீண்டும் ஏறும். இளநீர் உப்புக் கரிக்கத் தொடங்கிய ஆண்டு தாத்தா தோப்பைக் குத்தகைக்கு விட முயன்றார், எடுக்க ஆள் வரவில்லை. மேற்கே ஆற்றின் போக்கில் நூற்றுக்கணக்கான தோல் தொழிற்சாலைகள். எந்த டேனரியின் கழிவு எங்கள் கிணற்றில் இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு முதலாளியும் தன் பங்கு கடுகளவு என்றே சொன்னார், கணக்குப் பார்த்தால் அதுவும் முழுப் பொய்யில்லை.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிர் செய்யத் தகுதியிழந்திருந்ததை அத்தீர்ப்பு பதிவுசெய்கிறது. பலர் சேர்ந்து செய்தது, பிரிக்க முடியாது என்று நீதிமன்றம் கைவிரிக்கவில்லை. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. சூழலை மீட்க எவ்வளவு, பாதிக்கப்பட்டவருக்கு எவ்வளவு என்று இரண்டு தலைப்பில் கணக்கிடச் சொன்னது. மொத்தத் தொகை, மாசுபடுத்தியவர்கள் பெயர், ஒவ்வொருவரிடமும் வசூலிக்க வேண்டியது, யாருக்குத் தர வேண்டும், எவ்வளவு தர வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரித்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பி, கட்ட மறுப்பவரிடம் நிலவரி பாக்கிபோல வசூலிக்கச் சொன்னது. அதிலுள்ள இன்னொரு வரியை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன்: இன்றைக்குச் சுத்திகரிப்புக் கருவிகளைப் பொருத்திவிட்டாலும், முன்பு செய்த மாசுக்கு அந்தத் தொழிற்சாலை பொறுப்பாளியே என்பது அதன் சாரம். வரலாற்று உமிழ்வைப் பற்றி இதைவிடத் தெளிவாக வேறெந்த நீதிமன்றம் சொல்லியிருக்கிறது?

பாலாறு தெளிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இழப்பீடு தாமதமாகவும் குறைவாகவும் வந்தது. 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மீண்டும் ஆணைகள் பிறப்பிக்க வேண்டியிருந்தது. ஆனால் பிரிக்க முடியாத பாதிப்பைப் பங்கிட்டு வசூலிக்கச் சட்டத்தில் வழி உண்டு என்பது 1996லேயே நம் நாட்டில் தீர்ந்த விஷயம். அதே தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றதோடு, உள்நாட்டுச் சட்டத்துக்கு முரண்படாத பன்னாட்டு வழமைச் சட்டமும் நம் சட்டத்தில் கலந்ததாகவே கொள்ளப்படும் என்றது. ஆம்பூர்க் கிணற்றுக்கு வழமைச் சட்டம் பொருந்தும், பசிபிக் கடலுக்குப் பொருந்தாது என்று புது தில்லி எந்த நாவால் சொல்லும்?

பன்னாட்டு நீதிமன்றமும் ஏறத்தாழ இதே வழியில்தான் நடந்திருக்கிறது. ஒவ்வொரு நாட்டின் பழைய, இன்றைய உமிழ்வின் மொத்தப் பங்கை அறிவியல்படி கணக்கிட முடியும்; கேடு செய்தவர் பலர் என்பது ஒருவரைத் தனியாகக் கேள்வி கேட்பதற்குத் தடையாகாது; செயலுக்கும் சேதத்துக்கும் போதுமான அளவு நேரடியான, உறுதியான தொடர்பு காட்டப்பட வேண்டும்; அதைக் காட்டுவது கடினமே தவிர, இயலாததன்று. கடமை மீறல் நிறுவப்பட்டால் அரசுப் பொறுப்புச் சட்டத்தின் வழக்கமான விளைவுகள் அனைத்தும் தொடரும்: மீறலை நிறுத்துதல், மீண்டும் செய்யாமைக்கு உறுதி, இருந்த நிலைக்கு மீட்டல், அது முடியாத இடத்தில் இழப்பீடு. நாடுகளின் எல்லை தாண்டும் புகைக்கு இழப்பீடு என்பது நேற்றுப் பிறந்த எண்ணமன்று. கனடாவின் டிரெயில் ஊர் உருக்காலையிலிருந்து கந்தகப் புகை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில வயல்களில் இறங்கியதற்கு, 1938இலும் 1941இலும் நடுவர் மன்றம் கனடாவையே பொறுப்பாக்கியது. அன்று இந்தச் சட்டத்தால் பயனடைந்த நாடு அமெரிக்கா. 2018இல் கோஸ்டா ரிக்காவின் சதுப்பு நிலத்தை நிகராகுவா சிதைத்ததற்குப் பன்னாட்டு நீதிமன்றம் வட்டியும் சேர்த்து 3,78,890 டாலருக்குச் சற்று அதிகமாகத் தீர்ப்பளித்தது. கேட்டதோ 67 லட்சம் டாலர் அளவில். தொகை சிறிது. ஆனால் சேதத்தின் அளவுக்குத் துல்லியமான சான்று இல்லை என்பதற்காக இழப்பீட்டை மறுக்க வேண்டியதில்லை என்று அங்கே வகுத்த விதி சிறிதன்று.

இந்த இடத்தில் அண்டை நாட்டுக்காரர் ஒருவரை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. 1997இல் டான்யூப் ஆற்று அணைகள் குறித்து ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் மோதிய வழக்கில், இலங்கையைச் சேர்ந்த நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரி எழுதிய தனிக் கருத்துரையில், வளர்ச்சியும் சூழல் காப்பும் ஒன்றாகவே போக வேண்டும் என்பதற்குச் சான்றாக இலங்கையின் பழங்காலக் குளங்களை எடுத்துக்காட்டினார். வண்டல் சேராமல் தடுக்க மேட்டில் வெட்டிய சிறு குளங்கள் வரை விவரித்தார். நிலத்துக்கு மன்னன் காவலனே தவிர உரிமையாளன் அல்லன் என்ற போதனையையும் ஹேக்கின் ஏட்டில் ஏற்றினார். பொதுச் சட்டம் என்பது மேற்கத்திய நாடுகள் நம் மேல் திணிப்பது என்ற ஐயம் உங்கள் அலுவலகத்தில் யாருக்கேனும் இருந்தால், அந்தக் கருத்துரையை ஒரு முறை படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பாரிஸ் ஒப்பந்தத்தோடு ஏற்கப்பட்ட முடிவின் 51ஆம் பத்தியைக் காட்டி, இழப்பீட்டுக் கதவு 2015லேயே சாத்தப்பட்டுவிட்டது என்று சொல்வோர் உண்டு. காலநிலை மாற்றத்தால் வரும் இழப்பும் சேதமும் பற்றிய அந்த ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவு, பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படையாகாது என்பதே அந்தப் பத்தி. ஒரு பிரிவு அடிப்படையாகாது என்பதற்கும், வேறெந்தச் சட்டமும் அடிப்படையாகாது என்பதற்கும் உள்ள வேறுபாடு முதலாண்டுச் சட்ட மாணவருக்கே தெரியும். தீவு நாடுகளுக்கு அது அன்றே தெரிந்திருந்தது. 1992ஆம் ஆண்டு ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் சேரும்போதே நவூரு, பிஜி, கிரிபாட்டி, பப்புவா நியூ கினி ஆகியவை, இதில் சேர்வதால் அரசுப் பொறுப்பு குறித்த பன்னாட்டுச் சட்ட உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சேர்ந்தன. அதற்கும் முன்பாக, 1991இல், கடல்மட்ட உயர்வால் வரும் இழப்புக்குத் தொழில்வள நாடுகள் பணம் போடும் காப்பீட்டு நிதி ஒன்றை வனுவாட்டு முன்மொழிந்தது. அந்த முன்மொழிவு அப்படியே கிடப்பில் போனது. இழப்பு மற்றும் சேத நிதி என்ற பெயரில் ஏதோ ஒன்று பிறக்க 2022 ஷர்ம் எல்-ஷேக் மாநாடு வரை ஆயிற்று, அதுவும் விரும்பினால் போடும் உண்டியலாக. 2024 நவம்பரில் பாகூ மாநாட்டில், வளரும் நாடுகளுக்குக் காலநிலை நிதியாக 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற அறிவிப்பை வெறும் கண்கட்டு வித்தை என்று எதிர்த்தவர் இந்தியப் பிரதிநிதி. அந்தக் கோபம் நியாயமானது. அது நடந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், கொடையை உரிமையாக மாற்றக்கூடிய ஒரே வழியை ஹேக்கில் நாமே சுருக்கப் பார்த்தோம்.

உங்கள் தயக்கத்தின் வேர் எனக்குப் புரியாமல் இல்லை. இன்றைய ஆண்டு உமிழ்வில் இந்தியா உலகில் மூன்றாம் இடத்தில் இருக்கிறது. நம் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. புதைபடிவ எரிபொருள் எடுப்பது, எரிப்பது, தேடலுக்கு உரிமம் தருவது, மானியம் தருவது ஆகியவையும் ஓர் அரசின் சட்ட மீறலாக அமையக்கூடும் என்ற வரியைப் படித்தபோது தில்லியில் சிலருக்குத் தூக்கம் கலைந்திருக்கும். நாளை மாலத்தீவோ வங்கதேசமோ நம்மைக் கூண்டில் ஏற்றினால்? அதற்கு இந்தியா ஏற்கெனவே அரண் கட்டி வைத்திருக்கிறது: பன்னாட்டு நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தை ஏற்று 2019 செப்டம்பர் 27 அன்று அளித்த அறிவிப்பில், காமன்வெல்த் நாடுகளுடனான வழக்குகளை நாம் விலக்கியிருக்கிறோம். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அச்சம் என்ற காரணம் அவ்வளவு வலுவானதன்று என்பதற்காகச் சொல்கிறேன். அரண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தனிநபர் உமிழ்வில் உலக சராசரியின் பாதியைக்கூட எட்டாத நாடு தன் கணக்கைத் திறந்து வைக்க அஞ்ச வேண்டியதில்லை. தாத்தாவும் தன் கிணற்றில் மோட்டார் வைத்து நிறைய நீர் இறைத்தவர்தான். ஆணையத்தின் முன் அதை மறைக்கவில்லை.

கடல் விஷயத்திலும் நமக்கு இதில் பங்கு உண்டு. வங்கக் கடலில் நாமும் வங்கதேசமும் உரிமை கொண்டாடிய நியூ மூர் தீவு நீரில் மூழ்கிப் போனது. 2014 ஜூலை 7 அன்று நடுவர் மன்றம் கடல் எல்லையை வகுத்தபோது, எதிர்காலக் காலநிலை மாற்றத்தைக் காட்டித் தீர்ந்த எல்லைகளைக் கலைக்க முடியாது என்றது. கடல் ஏறியதால் கரை பின்வாங்கினாலும், கடல் எல்லையை அளக்கத் தொடங்கும் கோடுகளாக முறைப்படி அறிவித்த அடிக்கோடுகளை மாற்ற வேண்டியதில்லை என்று 2025 கருத்துரை சொல்கிறது. 7,500 கிலோமீட்டருக்கும் அதிகமான கடற்கரை கொண்ட நாட்டுக்கு இது சிறிய ஆதாயமா?

ஆகவே உங்கள் பிரிவிடம் நான் வேண்டுவது இது. கருத்துரைக்குப் பின் இந்தியாவின் சட்ட நிலைப்பாடு என்ன என்பதை எழுத்தில் வெளியிடுங்கள். வழமைச் சட்டமும் அரசுப் பொறுப்புச் சட்டமும் காலநிலைக்குப் பொருந்தும், அவற்றின் அளவுகோல் வேறுபட்ட பொறுப்பு என்ற கொள்கையே என்று அதில் ஐயமின்றிச் சொல்லுங்கள். அந்த ஆவணத்தையும், 2024இல் ஹேக்கில் நாம் வைத்த எழுத்து வாதத்தையும் நாடாளுமன்றத்தின் வெளியுறவு நிலைக்குழு முன் வையுங்கள். நம் பெயரில் என்ன வாதிடப்பட்டது என்பது நம் உறுப்பினர்களுக்காவது தெரியட்டும். அடுத்து, சுற்றுச்சூழல் அமைச்சகத்தோடும் மாநிலங்களோடும் சேர்ந்து இழப்புப் பதிவேடு ஒன்றைத் தொடங்குங்கள். புயல், வெள்ளம், வெப்ப அலை, கடலரிப்பு ஒவ்வொன்றிலும் எந்த ஊரில், எந்தச் சர்வே எண்ணில், எத்தனை ஏக்கர், எத்தனை படகு, எத்தனை வேலைநாள் போயிற்று என்று அன்றன்றே எழுதப்படாத இழப்பை இருபது ஆண்டு கழித்து எந்த நீதிமன்றத்திலும் நிறுவ முடியாது. செயலுக்கும் சேதத்துக்கும் தொடர்பு காட்டுவது கடினம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்ட பிறகு, ஆதாரத்தைச் சேர்க்காமல் இருப்பது வழக்கை இப்போதே விட்டுக்கொடுப்பதாகும்.

ஆணையம் எங்கள் ஊருக்கு வந்தபோது தாத்தாவிடம் கேட்டது அடங்கல் நகலைத்தான். எந்தப் பருவத்தில் என்ன பயிர், எத்தனை சென்ட் தரிசு என்று ஆண்டுவாரியாகக் கிராமக் கணக்கில் ஏறியிருந்ததால் எங்கள் பெயர் பட்டியலில் வந்தது. பக்கத்துத் தோப்புக்காரருக்குக் கிணறு எங்களுடையதைவிட மோசம்; அவருடைய அடங்கலில் கடைசி ஆறு ஆண்டுகள் வெறுமையாக இருந்தன.

இப்படிக்கு,
பாலாற்றங்கரை வழக்குரைஞர் ஒருவர்